கர்ப்பிணிகள் இல்லாத கிடங்கு

இராயபுரத்தில் நான் குடியிருக்கிற தெருவில் எந்தப் பெண்ணும் கர்ப்பமாவதில்லை. பிள்ளை மட்டும் பிறந்துகொண்டே இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைப்பீர்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான், இந்தச் சென்னைப் பட்டினம் என்னோடு பகிடி விடுகிறது என்று நினைத்தேன். நேற்றுச் சாயந்தரம் குழாயடியில் குடத்தைத் தூக்கி எதிரியின் தலைக்கு நேரே ஓங்கிய பெண், இன்று காலையில் சேலைத் திரைக்குப் பின்னால் பச்சைப் பிள்ளையோடு படுத்திருக்கிறாள். நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் ஊரில் ஒருத்திக்கு நாள் தள்ளிப் போனால் ஒழுங்கையின் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். புளிமாங்காயும் தோடம்பழமும் படலையைத் திறந்துகொண்டு தாமாக வந்து சேரும். இங்கே, ஆறு மாத வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாலும் எனக்குக் கிடைக்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். வாயு.

அஞ்சலை என்ற பெண்ணிடம் நான் முதன்முதலில் பேசியது இப்படித்தான்.

"எத்தனை மாதம்?" என்றேன்.

"இன்னா மாசம்? வூட்டு வாடகையா கேக்கற?"

"பிள்ளையைக் கேட்கிறேன்."

"புள்ள அதோ வெளாடிக்கினு கீறான் பாரு. மூணு வயசு."

"வயிற்றில் இருக்கிற பிள்ளை."

"அய்ய, அது வாயு நர்ஸம்மா. ரெண்டு நாளா மொச்சக்கொட்ட துன்னேன்."

அந்த வாயு என் உள்ளங்கையைக் காலால் உதைத்தது. "உன் வாயுவுக்குக் கால் முளைத்திருக்கிறது" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அந்தப் பிள்ளை ஏழாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. அவள் மறுவாரமே வேலைக்குப் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரியும்.

வேலை என்றால் கடலைக் கிடங்கு. எங்கள் தெரு முடிகிற இடத்தில் இருக்கிறது. உள்நாட்டிலிருந்து வண்டி வண்டியாக வருகிற வேர்க்கடலையை உடைத்து, புடைத்து, சொத்தையும் சூம்பலும் பொறுக்கி எறிந்துவிட்டு, நல்ல பருப்பை மூட்டை கட்டித் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். பொறுக்குகிறவர்கள் எல்லோரும் பெண்கள். காலையில் வரிசையாகக் குந்தினால் பொழுது சாயும்வரை அதே குந்தல்தான். கடலைத் தூசி மூக்கிலும் கண்ணிலும் பால் சுரக்கிற மாரிலும் அப்பிக்கொள்ளும். பெண்களுக்கென்று மறைவிடம் ஒன்று அங்கே கிடையாது. அதனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியது முதல் திரும்பும்வரை அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. என்னிடம் வருகிற பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. தூரம் வருகிற நாட்களில் படுகிற பாட்டை நான் எழுதினால் இந்தப் பத்திரிகை அச்சில் போடாது. கைப்பிள்ளைக்காரி, பிள்ளைக்குக் கடுகளவு அபினியை நாக்கில் தடவி, சாக்குத் தொட்டிலில் போட்டுவிட்டு முறத்தை எடுப்பாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கத்தினேன். "பின்ன இன்னா, நீ வந்து தூக்கி வெச்சிக்கினு குந்தப் போறியா?" என்று அந்தத் தாய் கேட்டாள். 

அந்தக் கிடங்குக்கு யானை நுழைகிற அளவுக்கு இரட்டைக் கதவு உண்டு. அது வண்டிக்கு மட்டும் திறக்கும். பெண்களுக்கு, அந்தக் கதவிலேயே வெட்டிவிட்ட சின்னத் திட்டிவாசல். முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. அதைத் தாண்டிக்கொண்டே தலையையும் முதுகையும் சேர்த்து மடக்கி ஒருக்களித்து நுழைய வேண்டும். பெரிய கதவைத் திறந்துவிட்டால் சாயந்தரம் எல்லோரும் மடி நிறையக் கடலையோடு கும்பலாக ஓடிவிடுவார்களாம். ஒவ்வொருத்தியாகக் குனிந்து வந்தால் மேஸ்திரி முந்தானையை உதறச் சொல்லிச் சோதிக்கலாம். திருட்டைத் தடுக்க வைத்த வாசல்தான் அது. போகப் போக அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. வயிறு முன்னே வந்து ஒருத்தி அந்தப் படியில் தடுமாறினால், "வூட்டாண்ட போய்க் கெட" என்பான் மேஸ்திரி. மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி குந்தியிருப்பாள். பிள்ளை பெற்றுத் திரும்பினால் அவளுக்கு இடம் கிடையாது. ஆகவே பெண்கள் பழஞ்சேலையை மடித்து, வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிகிறார்கள். பிள்ளை பெற்றபின் ஊரில் நம்மவர்கள் கட்டுகிற கட்டை இவர்கள் பெறுவதற்கு முன்னாலேயே கட்டுகிறார்கள். கேட்டால் வாயு.

நான் யார் என்று சொல்லாமலே போய்க்கொண்டிருக்கிறேன். ஊரில் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கப் படித்தவள். இவருக்குச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்ததால் கூட வந்தேன். இங்கே பெரிய இடத்துப் பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கம், ஏழைத் தாய்மாரைப் பார்க்க ஒரு நர்ஸ் வேண்டுமென்று தேடிக்கொண்டிருந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு நான் இந்தப் பத்திரிகையில் எழுதிய முதல் கடிதங்கள் பலருக்கு ஞாபகம் இருக்கும். 'இங்கே பெண்கள் மேடையேறிப் பேசுகிறார்கள், மனுப் போடுகிறார்கள், துரைமாரோடு நேருக்கு நேர் வாதாடுகிறார்கள், நாம் இன்னும் வேலிக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கிறோம்' என்றெல்லாம் அளந்திருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் இப்போது அதை நினைத்தால் முகம் எரிகிறது.

நம் ஊரை உயர்த்தி இந்த ஊரைத் தாழ்த்துவதற்காகவும் நான் இதை எழுதவில்லை. என் அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது வீடு பட்ட பாட்டைச் சொல்கிறேன். அவள் நிலத்தில் கால் வைக்கக் கூடாது, காற்றுப் படக் கூடாது, குனியக் கூடாது. முப்பத்தோராம் நாள் துடக்குத் தீட்டுக் கழிவுக்கு நெல் குத்த வேண்டுமென்று பொன்னியைக் கூப்பிட்டார்கள். பொன்னி எங்கள் வளவுக்குப் பின்னால் குடியிருந்தவள். அவள் வந்து உலக்கையைப் பிடித்தாள். அவளுக்கு அப்போது நிறைமாதம். உலக்கை ஏறும்போது வயிறும் ஏறியது, இறங்கும்போது இறங்கியது. அம்மா அவளுக்குச் சிரட்டையில் தண்ணீர் வார்த்தாள், "பாவம், பிள்ளைத்தாச்சி, பையக் குத்து" என்றாள். பையக் குத்து என்றாளே தவிர, குத்தாதே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தி காலைக் கீழே வைக்காதிருக்க இன்னொருத்தி உலக்கை போட வேண்டியிருந்தது. இது எனக்கு ஊரில் தெரியவில்லை, இராயபுரத்துக்கு வந்து கிடங்குப் படியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கொழும்பிலும் ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பிறந்த ஊரின் அழுக்குக் கண்ணில் பட நாம் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது.

சங்கத்து அம்மாமார் நல்லவர்கள். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன். நீங்கள் நம்ப வேண்டும். காரியதரிசி அம்மாள், வெயிலில் கிடங்கு வாசலில் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் பெண்களோடு பேசியவர். அஞ்சலைக்குப் பிள்ளை செத்த கதையை நான் சொன்னபோது கண் கலங்கி, அன்றே மனுவுக்கு ஏற்பாடு செய்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் விடுப்பு, போன பெண் திரும்பி வந்தால் அவள் இடம் அவளுக்கே, கைப்பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை, கதவு வைத்த மறைவிடம், வயிற்றுப் பெண்களைத் திட்டிவாசலில் குனிய வைக்கக் கூடாது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தவை. அவற்றை அவர் இங்கிலீசில் படித்துக் காட்டியபோது என் உச்சி குளிர்ந்து போயிற்று.

அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப் போயிற்று. கலியாணமாகி இத்தனை வருஷம் கழித்து. சந்தோஷப்பட எனக்கு ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை. கப்பல் வரத்துக் குறைந்துவிட்டது என்று சொல்லி இவருடைய வேலையை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். சங்கத்தில் எனக்கு முன்னால் இருந்த நர்ஸ் முழுகாமல் இருந்தபோது, தாம்பூலம் வைத்து, புடவை கொடுத்து, வாழ்த்தி, வழியனுப்பிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். திரும்பக் கூப்பிட்டார்களா என்றால், அவள் இடத்தில்தானே நான் வேலை செய்துகொண்டிருக்கிறேன்! ஆகவே நாலாம் மாதம் தொடங்கியதும் ஒரு பழைய வெள்ளைச் சேலையை எடுத்து நீளமாகக் கிழித்தேன்.

"இஞ்சாரும், உமக்கு விசரே? மூச்சு விட இடமில்லாமல் இந்த இறுக்கு இறுக்கிறீர்" என்றார் இவர்.

"நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ" என்றேன்.

பார்க்க அவருக்கு அலுவல் ஒன்றும் இல்லை என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் முடிச்சைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தாய்மார் வயிற்றை ஏன் இறுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிற வேலைக்கு.

மனு போய் நாலைந்து மாதம் கழித்துக் காரியதரிசி அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கிடங்கு முதலாளித் துரை என்ன சொல்கிறார் தெரியுமா? விடுப்புக் கொடுப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லையாம். யாருக்குக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லையாம். கிடங்கில் கர்ப்பிணியே கிடையாது என்று மேஸ்திரி சத்தியம் செய்கிறானாம். வெள்ளிக்கிழமை காலையில் அவரே நேரில் வருகிறார். ஒருத்தியாவது முன்னால் வந்து நான்தான் என்று நிற்க வேண்டும். அதற்கு நீதான் பொறுப்பு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. பெண்கள் தங்கள் பிழைப்புக்காகச் சொன்ன பொய்யைத் துரை எடுத்து அவர்களுக்கே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அவர் பேரில் குற்றம் சொல்லவும் முடியாது. கர்ப்பிணி இல்லை என்று சொன்னவர்கள் அவர்கள்தானே!

மத்தியானம் கிடங்குச் சுவரோரம் நிழலில் பெண்கள் கூழ் குடிக்கிற நேரத்தில் போனேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நன்றாகப் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளை உண்டாவது திருட்டா, எதற்காக ஒளிக்கிறீர்கள், வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்களா அவர்களா, கட்டை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்து நில்லுங்கள் என்றேன். எல்லோரும் கூழை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். தலை நரைத்த ஒருத்தி மட்டும், "எனக்கும் வாயுதான் நர்ஸம்மா, நான் வந்து நிக்கட்டா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சங்கு ஊதியதும் எழுந்து போனார்கள். அஞ்சலை மட்டும் போகவில்லை. அவளுக்கு மறுபடியும் ஏழாம் மாதம். கட்டியிருந்தாள், கட்டியும் தெரிந்தது.

"போன தபா அந்தப் படியில குனியசொல்லோ உள்ள இன்னாவோ அறுந்தா மாரி இருந்துச்சி" என்றாள். "அன்னியோட ஆட்டம் நின்னு போச்சி. பொட்டப்புள்ள அது. யாரான்ட சொல்றது? சொன்னா வேல போயிடும். இப்பவும் அதே மாசம், அதே படி. எனக்கு பயமா கீது."

"அதனால்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை நீ..."

"நான் அவுக்கறேன். நீயும் அவுப்பியா?"

"எதை?"

"அத்தத்தான்." அவள் என் இடுப்பைப் பார்த்தாள். "எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு கீற? கொழந்தையத் தராசுல வெக்கக் குனியசொல்லோ உனுக்கு எப்படி மூச்சு வாங்குது! வரிசையில அல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் வாயத் தொறக்கல. உன் சோத்துல நாங்க ஏன் மண்ணப் போடணும்?"

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவள், மனுவுக்கு வாசகம் சொல்லிக் கொடுத்தவள், இடுப்பில் கையை வைத்துப் பிரசங்கம் செய்தவள். "எனக்கு வாயு" என்றேன்.

அவள் சிரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். "செரி நர்ஸம்மா" என்று சொல்லிவிட்டு, படியைத் தாண்ட ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டு திட்டிவாசலுக்குள் குனிந்து போனாள். நான் அந்தச் சுவரோரமே நின்றேன். இத்தனை பெண்கள் இத்தனை நாளாக என் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் அவர்கள் பொய்யை அவிழ்க்கப் போயிருக்கிறேன். அன்று பட்ட வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. துரையும் காரியதரிசி அம்மாளும் கிடங்குக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அம்மாளுக்குப் பக்கத்தில் நின்றேன். பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து வந்து, எங்களைப் பார்க்காமல், வரிசையில் போய்க் குந்தினார்கள். பாதிப் பேர் வந்திருப்பார்கள், வரத்து நின்றுவிட்டது. வெளியே அஞ்சலை நின்றாள். உள்ளேயிருந்து பார்த்த எங்களுக்கு அந்தச் சின்ன வாசலில் அவளுடைய வயிறும் தொடையும் மட்டும்தான் தெரிந்தன.

"இன்னாமே நிக்கற? குனி" என்றான் மேஸ்திரி.

"குனிய முடியாது நைனா. பெரிய கதவத் தொற."

"இன்னா, திமிரா?"

"திமிரு இல்ல. ஏழு மாசம்."

அவளுடைய கைகள் இடுப்புக்கு வந்தன. முடிச்சு இறுகிப் போயிருந்தது. கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அந்தப் பழஞ்சேலைத் துண்டு படிக்கு மேல் விழுந்தது, வயிறு முன்னே வந்தது. துரை இங்கிலீசில் ஏதோ கேட்டார், அம்மாள் படபடப்போடு பதில் சொன்னார். துரை மேஸ்திரியைப் பார்த்துக் கையைக் காட்டினார். மேஸ்திரி போய்ப் பெரிய கதவில் ஒரு பக்கத்தை, வண்டிக்குத் தள்ளுவதுபோலத் தோளைக் கொடுத்துத் தள்ளினான். அஞ்சலை நிமிர்ந்து நடந்து வந்தாள். அவள் வந்து நின்றதும் வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள். அவள் அவிழ்த்தாள். பிறகு இன்னொருத்தி. கதவுக்கு வெளியே நின்றவர்களில் சிலர். துணி விழுகிற சத்தம் கேட்குமா என்றால் கேட்கும், எல்லோரும் பேசாமல் இருந்தால்.

அம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "எத்தனை பேர்? எண்ணித் துரையிடம் சொல்லு, எண்ணு!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். நான் எண்ணினேன். அஞ்சலை என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் ஒருவேளை நான் கோபித்துக்கொண்டு வாயை மூடியிருப்பேன். எல்லோரும் அவிழ்த்து முடித்த பிறகு, கடைசியாக, "என்னையும் சேர்க்க வேணும் அம்மா" என்றேன்.

"சேர்க்காமல் இருப்பேனா? இதில் உன் உழைப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா!" என்றார் அவர்.

"உழைப்பை இல்லை. என் வயிற்றை."

அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது அவர் பார்த்தது என்னை அல்ல, துரையை. துரைக்குத் தமிழ் தெரியாது என்று நினைவு வந்ததும் அவருக்கு மூச்சு வந்தது.

துரை அன்று மூன்று விஷயங்களுக்குச் சம்மதித்தார். காலையும் மாலையும் பெரிய கதவில் ஒரு பக்கம் பெண்களுக்காகத் திறந்திருக்கும். பிரசவத்துக்குப் போனவளின் இடம் அவளுக்கே. பிள்ளைகளுக்குச் சுவரோரம் ஓலைக் கொட்டகை போடலாம், பார்த்துக்கொள்ள ஒரு கிழவியை வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தோடு விடுப்பும் மறைவிடமும் 'பார்க்கலாம்' என்ற கணக்கில் இன்றுவரை நிற்கின்றன. நடந்தவரைக்கும் பெரிய காரியம்தான். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே தோளைக் கொடுத்துக் கதவைத் தள்ளுகிறான், ஆனால் தள்ளுகிறான்.

திரும்பும்போது அம்மாள் என்னைத் தன் மோட்டாரில் ஏற்றிக்கொண்டார். மோட்டார் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஏனம்மா என்னிடம் மறைத்தாய்? நான் உனக்கு அந்நியமா? உன் உடம்பு முக்கியம். மாதக் கடைசியோடு நின்றுவிடு. நல்லபடியாகப் பெற்றெடு" என்றார்.

"பெற்ற பிறகு?"

"பிறகு பார்க்கலாம்."

"கிடங்குப் பெண்களுக்கு அவரவர் இடம் உண்டென்று இப்போதுதானே அம்மா கேட்டு வாங்கினீர்கள்?"

அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அது கிடங்கு. இது சேவை. இரண்டும் ஒன்றாகுமா?" என்றார். கண்ணில் நீர் நின்றது. வேஷம் இல்லை, நிஜமான நீர். எனக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம்தான், அவருக்காகவும் சேர்த்து. கடலைத் துரையிடம் வாதாட எனக்கு வாய் இருந்தது. என்னிடம் அன்பாக இருக்கிறவரிடம் என் உரிமை இது என்று சொல்ல வாய் இல்லை. "சரி அம்மா" என்று சொல்லி இறங்கிக்கொண்டேன். மாதக் கடைசியில் தாம்பூலமும் புடவையும் வந்தன. நல்ல புடவை.

இப்போது எனக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்கு வர வேண்டும் என்று அம்மா கடிதம் எழுதாத வாரம் இல்லை. அறையை வெள்ளையடித்தாயிற்று, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயச் சரக்கு இடிக்கப் பொன்னியின் மகளிடம் சொல்லியாயிற்று என்கிறாள். அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு மேலே வாசிக்க முடிவதில்லை. சங்கத்தில் விடுப்புத் தரவில்லை என்று ஏழாம் மாதத்தில் அவளுக்கு எழுதினேன். அது பொய்யும் இல்லை. இனிக் கப்பல் ஏறவும் முடியாது. வேலை போன மகளாக அந்தப் படலையைத் திறக்க எனக்குக் கூச்சமாக இருந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர் மரக்கடைகளில் நாட்கூலிக்குக் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறார். அவர் இல்லாத நேரத்தில் கிடங்குப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒருத்தி கூட்டுகிறாள், ஒருத்தி நெத்திலி கொண்டுவந்து குழம்பு வைக்கிறாள், காரம் கண்ணில் தண்ணீர் வருகிறது. அஞ்சலைக்குப் பெண் பிள்ளை பிறந்து நன்றாக இருக்கிறது. மறுபடி வேலைக்குப் போகிறாள், அவள் இடத்திலேயே குந்துகிறாள். பிள்ளை கொட்டகையில் தூங்குகிறது. மத்தியானச் சங்கு ஊதினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து, பால் கொடுத்துக் கிடத்திவிட்டு, என் வீங்கிய காலைப் பிடித்துவிடுகிறாள். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. "கம்முனு குந்து" என்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். சங்கத்தின் புது நர்ஸ் வந்தாள். இன்னும் கலியாணமாகாத பெண், வெள்ளைப் புடவையில் மடிப்புக் கலையவில்லை. இந்தத் தெருவில் வயிற்றுப் பெண்கள் இருக்கிறார்களா என்று இப்போது வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். பெண்களும் ஒளிக்காமல் சொல்கிறார்கள். அவள் வாசலில் நின்று என் வயிற்றைப் பார்த்தாள். அழுக்குச் சேலையைப் பார்த்தாள். என் காலை மடியில் வைத்திருந்த அஞ்சலையைப் பார்த்தாள்.

"நீங்களும் கடலைக் கிடங்கில வேலை செய்றவங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு முன்னால் அஞ்சலை பதில் சொன்னாள். "ஆமா. எங்க ஆளுதான்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் என்னிடம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"இல்லை" என்றேன். என் வாய்தான் சொன்னது. நான் யோசிக்கக்கூட இல்லை. "நான் இவர்களோடு சேர்ந்தவள் இல்லை. நானும் நர்ஸ்தான். யாழ்ப்பாணம்."

அந்தப் பெண் பதறிப் போனாள். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, "மன்னிச்சுக்குங்க அக்கா, தெரியாமக் கேட்டுட்டேன்" என்று கைகூப்பினாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ரொம்ப நாள் கழித்துக் கிடைத்த மரியாதை, பிடிக்காமல் என்ன செய்யும்?

கணுக்காலில் அஞ்சலையின் கை நின்றுவிட்டது. நான் கீழே பார்க்கவில்லை. புது நர்ஸ் எதையோ கேட்டாள், நான் எதையோ சொன்னேன். கொஞ்சம் பொறுத்து அந்தக் கை மறுபடியும், முன்னைவிட மெதுவாக, அமுக்கத் தொடங்கியது. காலை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் வாய் வரவில்லை. ஒரு கால் அவள் மடியிலும் மற்றக் கால் வெறுந்தரையிலுமாக அப்படியே உட்கார்ந்திருந்தேன்.